ஈற்றடி வேண்டும்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள கட்டையா,

நலம். இனிப்பைக் குறைத்தாயா என்று கேட்டால் பொய் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. எட்டு மாதமாய் எழுதாததற்கு வேண்டிய மட்டும் திட்டிக்கொள்.

வெண்பா என்று நாம் பட்டப்பெயர் வைத்த நம்மவன் போய்விட்டான்டா. செவ்வாய்க்கிழமை மண் போட்டுவிட்டு வந்தோம். போனில் சொல்ல வாய் வரவில்லை.

தோட்டத்துச் சுடுகாடு உனக்கு அடையாளமே தெரியாது, சுற்றிலும் செம்பனை. தோட்டத்துக் கணக்கு எழுதிய பழைய கிராணிக்கு டைல்ஸ் ஒட்டிய சமாதி. நாலு எட்டு தள்ளி நம்மவனுக்குக் குழி. பெரட்டில் ஆள் எண்ணும்போது நிற்கவைத்து அவனை ஏசுவாரே, அதே கிராணிதான்! 'முடிசார்ந்த மன்னரும்' என்று பட்டினத்தார் பாட்டை எடுத்தார் ஒரு பெரியவர். கடைசியில் எல்லாரும் ஒரு பிடி சாம்பல். எனக்கு எரிச்சலாக வந்தது. செத்த பிறகு சமமாகி என்ன செய்ய?

ராத்திரி தூக்கமில்லை. ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரேயின் இரங்கற்பாவை எடுத்தேன். பள்ளியில் பாரம் ஐந்தில் ஒப்பிக்கத் தெரியாமல் நீ பெஞ்சு மேல் ஏறினாயே, அதுதான். 1751-இல் அச்சானது. கிராமத்துக் கல்லறையைப் பார்த்து, 'இங்கே வாய் திறக்காத ஒரு மில்டன் கிடக்கலாம்' என்கிறார். மில்டன் அவர்கள் நாட்டு மகாகவி. முதல் கையெழுத்துப் படியில் மில்டன் இல்லை, ரோமாபுரிப் பேச்சாளர் சிசரோ. பிறகுதான் சொந்த நாட்டுக்காரரைப் போட்டிருக்கிறார். சரி, நம்ம ஆளைப் போட்டுப் பார்ப்போம் என்று பார்த்தேன். உட்காரவில்லை.

இவன் எங்கே வாயை மூடினான்? பாரம் ஒன்றுக்கு முந்தின ரிமூவ் கிளாஸோடு நின்று ரப்பர் மர நிரைக்குப் போனவன், பால் மங்கு துடைத்துக்கொண்டே இலக்கணத் தளை தட்டாமல் வெண்பா சொல்வான். ஆள் பேர் போடும் செக்ரோல் தாளின் முதுகெல்லாம் அவன் எழுத்து. வறுமை உள்ளத்தின் ஊற்றை உறையவைத்தது என்கிறார் கிரே. இவனுக்கு உறையவே இல்லையே! பாலைவனத்தில் பூத்து வீணாகும் பூ என்றும் சொல்கிறார். பூ யாரிடமும் எதுவும் கேட்காது. இவன் கேட்டான். பத்திரிகைக்கு அனுப்பு என்று என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தான். பதினோரு வருஷமாக என் அலமாரியில் கிடக்கிறது.

கேட்டபோதெல்லாம் 'அடுத்த மாசம்' என்றேன். அப்புறம் அவன் கேட்பதை விட்டுவிட்டான்.

நேற்றுதான் பிரித்தேன். கிராணி மேல் பாடினானே, அதில் மூன்று அடி முழுசாக இருக்கிறது. ஈற்றடியைப் பூச்சி அரித்துவிட்டது. வெண்பாவில் அதற்கு மூன்றே சீர். நீதானே லாரியில் கத்திக்கொண்டே வருவாய்? ஞாபகம் இருந்தால் உடனே எழுது. பதினாறாம் நாளுக்குள் அச்சடிக்கக் கொடுக்க வேண்டும். கிராணி மகனும் வருவான்.

உன்
ஒல்லி