முள் நிற்காத கம்ப்ரஷன் கேஜ்: மாற்றித் தருவீர்களா, மாட்டீர்களா?

வணக்கம்.

உங்கள் கஸ்டமர் கேரில் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். பில் நகலும் வீடியோவும் இணைத்திருக்கிறேன். சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்று பார்க்க உங்களிடம் வாங்கிய கம்ப்ரஷன் கேஜில் முள் நிற்பதே இல்லை. கிராங்க் செய்வதை நிறுத்தியதும் சரசரவென்று இறங்கிவிடுகிறது. ஹோஸ் முனையில் இருக்கிற வால்வு காற்றைப் பிடித்து வைக்கவில்லை. செய்து விற்கிற உங்களுக்கு இதை நானா சொல்லித்தர வேண்டும்?

வண்டி 1965 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இதே மெட்ராஸில் தயாரானது. இஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துத்தான் பார்த்தோம். எந்த சிலிண்டரின் அழுத்தமும் 60 பி.எஸ்.ஐ. தாண்டவில்லை. சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்குமே, அப்படியானால் இஞ்சின் வால்வுதான் கசிகிறது என்று மெக்கானிக் இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்கிவிட்டார். வால்வுகள் சீட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன! ஹெட் கேஸ்கெட் போனதுதான் மிச்சம். இந்த வண்டிக்கு அது கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஒரு நண்பரின் கேஜை இரவல் வாங்கிப் பார்த்தால் 120க்கு மேல் காட்டுகிறது, முள்ளும் நிற்கிறது.

உங்கள் அம்பத்தூர் சர்வீஸ் சென்டர் கவுன்டரில் ஒரு தம்பி இருக்கிறார். உச்சி வெயிலில் போய் நின்றவனை உட்காரக்கூடச் சொல்லவில்லை. செல்போனைக் காதில் இடுக்கிக்கொண்டே ஹோஸில் வாயை வைத்து ஊதினார். "காத்து போகுதே சார், நல்லாத்தானே இருக்கு?" என்றார். வாயால் ஊதியா கம்ப்ரஷன் கேஜைச் சோதிப்பார்கள்? கேட்டதற்கு, "வண்டியை எடைக்குப் போடுங்க சார், கேஜ் காசு வந்துடும்" என்று சிரிக்கிறார். என் அப்பா வாங்கிய வண்டி ஐயா அது. அதற்கு முன்பே போனில் பேசிய பெண், பாவம், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் பதிவு செய்த புகாரை "தீர்க்கப்பட்டது" என்று யார் மூடியது?

கேஸ்கெட், கூலி, அலைச்சல், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் எனக்கு ஐம்பதாயிரத்துக்குக் குறையாத நஷ்டம். இஞ்சின் ஆயுளில் பாதி போனதை இதில் சேர்க்கவில்லை.

தயவுசெய்து கேஜை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். ஹெட் இறக்கிய செலவையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும். சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் இந்த வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்வேன். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை புகார் கொடுக்கக் கட்டணம்கூடக் கிடையாது, தெரியுமல்லவா?

கேஜை வாங்க ஆள் அனுப்பினால் முன்கூட்டியே போன் செய்யச் சொல்லுங்கள். அந்தத் தம்பியை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
நங்கநல்லூர், சென்னை