கல்லூரி விளையாட்டுச் செய்திகளை அனுப்புபவர்களுக்கும் பயிற்சி கொடுங்கள்

கொழும்பிலுள்ள தமிழ்மொழிக் கல்லூரிகளின் அதிபர்களுக்கும், விளையாட்டுத்துறைப் பொறுப்பாசிரியர்களுக்கும், பழைய மாணவர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கல்லூரியின் போட்டிச் செய்திகளை எழுதுபவர்கள், படம் எடுப்பவர்கள், முகநூல் பக்கத்தை நடத்துபவர்கள், அனுசரணை தேடிக் கம்பனி கம்பனியாக ஏறி இறங்குபவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது முறையான பயிற்சி கொடுங்கள். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகச் செய்ய வேண்டியதில்லை. எல்லோரும் சேர்ந்து இரண்டு நாள் செயலமர்வு ஒன்றை நடத்தினால் போதும்.

நான் கொழும்பில் வெளிவரும் தமிழ் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறு இரவுகளில் பாடசாலைச் செய்திகள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். அவற்றில் பல இப்படித்தான் இருக்கும்: கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தபடி பிள்ளைகள், நடுவில் அதிபர், ஒரே ஒரு படம். கீழே 'எமது கல்லூரி அபார வெற்றி' என்று ஒரு வரி. எந்த வயதுப் பிரிவு? எதிரணி எது? எந்த மைதானம்? எத்தனை ஓவர் போட்டி? ஐந்து விக்கெட் எடுத்த பிள்ளை படத்தில் எந்தப் பக்கம் நிற்கிறான்? ஒன்றும் இருக்காது. அனுப்பியவருக்குப் போன் எடுத்தால், அவர் போட்டிக்கே போகாத பழைய மாணவர். இன்னொரு குழுவில் வந்ததை அனுப்பியிருக்கிறார். பொறுப்பாசிரியருக்கு எடுத்தால், அவர் பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார், பாட்டும் பப்பரேயும் போடுகிற சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்காது. அதற்குள் பக்கம் முடிக்கும் நேரம் வந்துவிடும். காலையில் அந்த இடத்தில் வேறொரு பாடசாலையின் செய்தி இருக்கும். அவர்கள் இன்னிங்ஸ் விபரத்தைப் போட்டி முடிந்த கையோடு ஒழுங்காக அனுப்பியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தப் பழைய மாணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் சொந்த டேட்டாவில், வேலை முடிந்து வந்த களைப்பில், கல்லூரி மேல் உள்ள பாசத்தில் செய்கிறார். எது செய்தி, எதை எந்த ஒழுங்கில் அனுப்ப வேண்டும் என்று அவருக்கு யாரும் ஒருநாளும் சொல்லிக் கொடுக்கவில்லை. துடுப்பாட்ட அணிக்குப் பயிற்றுநர் இருக்கிறார். களத்தடுப்புக்கென்று தனியாக ஆள் வைக்கிற கல்லூரிகளும் உண்டு. அந்த அணி என்ன செய்தது என்று ஊருக்குச் சொல்கிறவருக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் இல்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இது ஒரு முழுநேரத் தொழில். அணிகளின் புள்ளிவிபரம், செய்தி, படம், ஊடகத் தொடர்பு எல்லாவற்றையும் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 1957இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 2022இல் அதன் பெயரை 'காலேஜ் ஸ்போர்ட்ஸ் கம்யூனிகேட்டர்ஸ்' என்று மாற்றிக்கொண்டார்கள். சந்தைப்படுத்தல் பகுதியில் இருப்பவர்களுக்கு 'நக்மா' என்ற வேறொரு சங்கம். ஆண்டு மாநாடு, இணையவழி வகுப்புகள் என்று கற்பது நிற்காமல் நடக்கிறது. அவர்களிடம் இருக்கும் பணம் எங்களிடம் இல்லை என்பது சரிதான். ஆனால் இதைக் கற்க வேண்டிய ஒரு தொழிலாகப் பார்ப்பதற்குப் பணம் தேவையில்லை. இன்னொன்று, அங்கே கல்லூரி என்றால் பல்கலைக்கழகம், பேசப்படுபவர்கள் வளர்ந்தவர்கள். இங்கே கல்லூரி என்றால் பாடசாலை. நாங்கள் எழுதுவதும் படம் போடுவதும் சிறுபிள்ளைகளைப் பற்றி. அதனால் பயிற்சி எங்களுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

காலேஜ் ஸ்போர்ட்ஸ் கம்யூனிகேட்டர்ஸ் சங்கம் நடத்துகிற ஒரு விடயத்தை நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். படிப்பிலும் விளையாட்டிலும் ஒருசேரச் சிறந்து விளங்கும் மாணவர்களைத் தெரிந்தெடுத்து 'அகடமிக் ஆல் அமெரிக்கா' என்ற கௌரவத்தைக் கொடுக்கிறார்கள். சங்கம் அமைவதற்கு முன்பே, 1952 முதல் இருக்கிற கௌரவம் அது. கொழும்பில் எங்களுக்குச் சந்தைப்படுத்தல் என்றால் உண்மையில் என்ன என்பதை இது காட்டுகிறது என்று நான் நினைக்கிறேன். டிக்கெட் விற்பதும் பனர் கட்டுவதும் அதில் சின்னப் பகுதி. எங்கள் அணிகளை உள்ளிருந்தே கரைப்பது எது என்று எல்லாப் பொறுப்பாசிரியர்களுக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு வந்ததும் "சாதாரண தரம் முடியட்டும் சேர், பிறகு பார்ப்போம்" என்று அம்மா வந்து சொல்வார். சாதாரண தரம் முடிந்தால் உயர்தர டியூஷன் தொடங்கிவிடும். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிரிவில் வெளுத்து வாங்கிய அணி, பத்தொன்பது வயதுப் பிரிவுக்கு வரும்போது பாதியாகிவிடும்.

அந்த அம்மாதான் எங்கள் முதல் வாசகர், முதல் வாடிக்கையாளரும் அவர்தான். அணித்தலைவியாக இருந்துகொண்டே உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை உங்கள் கல்லூரியில் இருந்தால், அவள் காலையில் எத்தனை மணிக்கு எழும்பினாள், பயிற்சி முடிந்து எப்போது படித்தாள், எந்த ஆசிரியர் விட்ட பாடத்தைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார் என்று கேட்டு எழுதுங்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கிற நூறு வீடுகளில் அது பேசுபொருளாகும். நூறு சுவரொட்டி செய்யாத வேலையை அந்த ஒரு கட்டுரை செய்யும். ஆனால் அப்படி ஒரு பேட்டியை எடுக்கவும் எழுதவும் பழக்க வேண்டும், தானாக வராது.

பதிவுகள் இன்னொரு பெரிய குறை. இலங்கைத் துடுப்பாட்ட வீரர் மகாதேவ சதாசிவம் 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் எடுத்த 215 ஓட்டங்களைப் பற்றி இன்றும் நாங்கள் பெருமையாகப் பேசுகிறோம், அது ஏட்டில் இருப்பதால். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிப் பையனாக இருந்த முரளிதரன் 1990/91 பருவத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து ஆண்டின் சிறந்த பாடசாலை வீரரானார். அந்த விக்கெட்டுகளைப் போட்டி போட்டியாக எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? ஸ்கோர் அட்டை ஆங்கிலத்தில் வருகிறது. அதிலுள்ள ஒரே பெயரை ஒரு வாரம் தர்ஷன் என்றும், அடுத்த வாரம் தர்சன் என்றும், அதற்கடுத்த வாரம் தர்ஷான் என்றும் நாங்கள் போடுகிறோம். முதலெழுத்தும் இல்லை. பருவம் முடிந்து அந்தப் பிள்ளையின் ஓட்டங்களைக் கூட்டப் பார்த்தால், மூன்று பேர் விளையாடியது போல் இருக்கும். பருவத் தொடக்கத்தில் அணியின் பெயர்ப்பட்டியலைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒருமுறை சரிபார்த்து அனுப்பினாலே இது தீர்ந்துவிடும்.

பெண்கள் கல்லூரிகளின் செய்தி இன்னும் குறைவாகவே வருகிறது. தர்ஜினி சிவலிங்கம் விளையாடிய இலங்கை அணி 2018இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் கொழும்பில் எங்கள் பிள்ளைகள் விளையாடுகிற வலைப்பந்துப் போட்டி ஒன்றின் முடிவு எங்கள் மேசைக்கு வருவது அபூர்வம். போட்டி நடக்காமல் இல்லை. அதைச் சொல்ல ஆள் நியமிக்கப்படவில்லை.

சட்டம் பற்றியும் அந்தச் செயலமர்வில் ஓர் அமர்வு வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர்களின் தரவுகளைத் தனிக் கவனம் தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. பிள்ளையின் படத்தோடு வகுப்பு, வீட்டு முகவரி, அப்பாவின் போன் இலக்கம் எல்லாம் இருக்கும் படிவத்தை அப்படியே குழுவில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல, 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி புகையிலை, மதுபான நிறுவனங்களிடம் அனுசரணை வாங்க முடியாது என்பதும், அனுசரணை தேடிப் போகிற பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம், காயம். பிள்ளை மைதானத்தில் விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே படம் முகநூலில் ஏறிவிடுகிறது. பெற்றோருக்குச் சொல்லும் முன் எதுவும் வெளியே போகக் கூடாது என்ற ஒரே ஒரு விதியையாவது எல்லோரும் கைக்கொள்ள வேண்டும்.

தோல்வியையும் அனுப்புங்கள். வென்ற நாளில் மட்டும் பேசுகிற கல்லூரியின் புள்ளிவிபரத்தை எந்த ஊடகமும் நம்பாது.

நடைமுறைக்கு வருவோம். கற்பிக்க ஆட்கள் கொழும்பிலேயே இருக்கிறார்கள். இலங்கை இதழியல் கல்லூரியில் தமிழிலும் பாடம் நடக்கிறது. ஸ்கோர் எழுதப் பழக்க நடுவர்களும் ஸ்கோரர்களும் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களும், வானொலி வர்ணனையாளர்களும், இணையத்தில் பாடசாலை விளையாட்டை எழுதுகிறவர்களும் கேட்டால் வருவார்கள். மண்டபம் உங்களிடம் இருக்கிறது. சாப்பாட்டுச் செலவைப் பழைய மாணவர் சங்கங்கள் பகிர்ந்துகொள்ளலாம். பெரும்போட்டிக்கு அடிக்கிற பனர்களில் சிலவற்றைக் குறைத்தாலே பெரும்பகுதி வந்துவிடும். முதல் நாள் ஸ்கோர், செய்தி, படக்குறிப்பு. இரண்டாம் நாள் அனுசரணைக் கடிதம், சமூக ஊடகம், சட்டம். நடுவில் உண்மையான போட்டி ஒன்றைப் பார்த்து, முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் செய்தி எழுதி அனுப்பும் பயிற்சி இருந்தால் மிகவும் நல்லது.

மாணவர்களைத் தெரிவுசெய்யும்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் சேருங்கள். உயர்தர மாணவர்களை மட்டும் பழக்கினால் அடுத்த ஆண்டு அவர்கள் போய்விடுவார்கள், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டி வரும். இந்தப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியருக்குக் கடிதம் மூலம் நியமனம் கொடுத்து, வாரத்தில் இரண்டொரு பாடவேளையைக் குறைத்துக் கொடுங்கள். ஏற்கனவே மூன்று வேலை பார்க்கிறவர் தலையில் நான்காவதாகக் கட்டினால் அவர் செய்ய மாட்டார், செய்யவும் முடியாது.

பாடசாலைத் துடுப்பாட்டப் பருவம் வழக்கமாக செப்டெம்பரில் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு சனி, ஞாயிறைக் குறித்து, பொறுப்பாசிரியர்கள் ஒருதடவை கூடிப் பேசித் திகதியை அறிவியுங்கள். செய்தி எழுதும் அமர்வைப் பணம் எதுவும் வாங்காமல் நானே நடத்தித் தருகிறேன்.

அன்புடன்,
கொழும்புத் தமிழ் நாளிதழ் ஒன்றின் விளையாட்டுப் பக்க உதவி ஆசிரியர்