சுமத்தாங் வெந்நீர் ஊற்றில் இரவு தங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு,

லடாக் செல்லும் நம்மூர்க்காரர்கள் பலர், லே நகரில் இறங்கிய கையோடு சுமத்தாங் வெந்நீர் ஊற்றுக்கு வண்டி பிடிக்கிறார்கள். இது தவறு. லே 3,500 மீட்டர் உயரம். சுமத்தாங் ஏறக்குறைய 4,000. உடல் அந்த உயரத்துக்குப் பழக, லேயில் இரண்டு நாளாவது ஓய்வெடுத்துவிட்டுப் போக வேண்டும்.

சிந்து நதிக்கரையில் ஆவி பறக்கும் ஊற்றுவாய்களில் கால் வைக்காதீர்கள்; வெந்துவிடும். பச்சைத் தண்ணீர் விளாவிய தொட்டியில், முழங்கையால் சூடு பார்த்துவிட்டு இறங்குங்கள். பத்து நிமிடம் போதும். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். சட்டென எழுந்தால் தலை சுற்றும். காற்று பனிபோல் அடிக்கும், ஈரத் தலையோடு அறைக்கு நடக்கக் கூடாது. வெள்ளிக் கொலுசையும் கழற்றிவிடுங்கள், கந்தகம் கறுக்கடித்துவிடும். லடாக்கில் வேலை செய்யாது என்பதால் வெளிமாநில ப்ரீபெய்டு சிம்மை நம்பாதீர்கள்.

– வாசகர், கோவை