பதினாறு வயதில் கல்லூரி: கட்டுரையில் விடுபட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிக் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் பாட அலகு) வாங்கிவிடும் பிள்ளைகளைப் பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஈரோட்டில் இருக்கும் என் அக்கா படம் பிடித்து அனுப்பியிருந்தாள். "உம்பொண்ணும் இப்படித்தானே படிச்சா?" என்று கேட்டிருந்தாள். ஆமாம், இப்படித்தான் படித்தாள், அதனால்தான் எழுதுகிறேன். கட்டுரையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் மிச்சம், இத்தனை ஆயிரம் டாலர் மிச்சம் என்ற கணக்கோடு நின்றுவிட்டது. அதைப் படித்துவிட்டு ஊரிலிருந்து இங்கே இருக்கும் தம்பி தங்கைகளுக்குப் போன் வரும், "உன் பையன் எத்தனை ஏபி (பள்ளியிலேயே நடத்தும் கல்லூரி நிலைப் பாடம்) எடுக்கிறான்?" என்று. அந்தக் கேள்வி ஒரு வீட்டில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே. இங்கே பிள்ளைகளுக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று ஏபி. பள்ளியிலேயே பள்ளி ஆசிரியர் நடத்தும் பாடம், மே மாதத்தில் காலேஜ் போர்டு என்ற அமைப்பு வைக்கும் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒரு தேர்வுக்குச் சுமார் 100 டாலர். வகுப்பில் வருஷம் முழுக்க எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும் கல்லூரிகள் கிரெடிட்டுக்குப் பார்ப்பது அந்த ஒரு தேர்வின் எண்ணைத்தான்.

இன்னொன்று ரன்னிங் ஸ்டார்ட். 1990ல் இந்த மாநிலம் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. பதினொன்று, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜுக்கே (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) நேரில் போய்ப் படிக்கலாம். கல்விக் கட்டணம் கிடையாது. புத்தகம், சில்லறைக் கட்டணங்கள், போய்வரும் செலவு மட்டும் நம்முடையது, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதிலும் சலுகை உண்டு. ஐந்து கிரெடிட் பாடம் ஒன்றை ஒரு குவார்ட்டரில், அதாவது பத்துப் பதினோரு வாரத்தில் முடித்தால், பள்ளிக் கணக்கில் அது ஒரு வருஷப் பாடம். இதே மாதிரி மினசோட்டாவில் 1985லிருந்தே இருக்கிறது, ஒஹாயோ, ஃப்ளோரிடா, கலிபோர்னியா என்று மற்ற இடங்களிலும் வேறு வேறு பெயரில் நடக்கிறது.

நம் ஆட்களிடம் இந்த இரண்டாவது வழியைச் சொன்னால் முகம் மாறிவிடும். "கம்யூனிட்டி காலேஜா? அது படிக்காத பிள்ளைங்க போற இடமாச்சே" என்று என்னிடமே நேரில் சொன்னவர்கள் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். என் மகளின் ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் அவளுக்கு ஒரு பக்கம் ராணுவத்திலிருந்து வந்த ஒருவர், இன்னொரு பக்கம் இரவில் ஆஸ்பத்திரி வேலை பார்த்துவிட்டுக் காலையில் தூங்காமல் வகுப்புக்கு வரும் இரண்டு குழந்தைகளின் அம்மா. அந்த அம்மா ஒரு நாள்கூடக் கட்டுரையைத் தாமதமாகக் கொடுத்ததில்லை என்று மகள் வீட்டுக்கு வந்து திரும்பத் திரும்பச் சொல்வாள். அதுவரைக்கும் தன் வயதுப் பிள்ளைகளோடு மட்டும் போட்டி போட்டுக்கொண்டிருந்த பெண், படிப்புக்காக ஒருவர் என்னவெல்லாம் விட்டுக்கொடுக்கிறார் என்பதை அங்கேதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எந்த ஏபி வகுப்பிலும் இது கிடைத்திருக்காது.

இனி எங்கள் தவறைச் சொல்கிறேன், முக்கியமாக என் தவறு. முதல் குவார்ட்டரிலேயே மூன்று பாடம் எடுக்கச் சொன்னது நான்தான். இலவசம்தானே, எடுத்தவரைக்கும் லாபம் என்று நினைத்தேன். பள்ளியில் ஒரு பாடத்தைச் செப்டம்பரிலிருந்து ஜூன் வரை மெதுவாக ஓட்டிப் பழகிய பிள்ளைக்கு, பதினோரு வாரத்தில் வேதியியலை முடிப்பது என்றால் என்ன என்று புரிவதற்குள் பாதித் தேர்வுகள் முடிந்துவிட்டன. சி கிரேடு வந்தது. பள்ளியில் வாங்கியிருந்தால் அது பள்ளி மதிப்பெண்ணோடு போயிருக்கும். இது கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது கல்லூரியின் மதிப்பெண் பதிவு, அழிக்க முடியாது. பிற்பாடு எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாலும் அதைக் காட்டியாக வேண்டும். இங்கே மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதுகூடப் பள்ளி நாளில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் சேர்த்துத்தான் ஜிபிஏ, அதாவது சராசரி மதிப்பெண், போடுவார்கள். பிள்ளையை டாக்டராக்க வேண்டும் என்று பதினாறு வயதில் ஐந்தாறு கல்லூரிப் பாடங்களை ஏற்றிவிடும் பெற்றோர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஏபி தேர்வில் 2 வந்தால் யாருக்கும் அனுப்பாமல் விட்டுவிடலாம், இதில் அந்த வசதி இல்லை.

இன்னொன்று. அந்த சி வரப்போகிறது என்பதே எனக்கு முன்கூட்டித் தெரியாது. இங்குள்ள சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் வயது பதினாறே ஆனாலும் அந்தப் பதிவுகளின் உரிமை மாணவருடையது. பேராசிரியருக்கு நான் மின்னஞ்சல் போட்டேன், பணிவாக "உங்கள் மகளிடம் கேளுங்கள்" என்று பதில் வந்தது. அன்றைக்குக் கோபம் வந்தது, இப்போது இல்லை. மகளே போய் ஆசிரியரின் அலுவல் நேரத்தில் உட்கார்ந்து பேசி, அடுத்த குவார்ட்டரில் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொண்டாள். நான் போய்ப் பேசியிருந்தால் அவள் அதைக் கற்றிருக்க மாட்டாள். ஆனால் இப்படித்தான் இருக்கும் என்று முன்பே தெரிந்து போவது வேறு, நடுவில் தெரிந்துகொள்வது வேறு.

அப்புறம் இந்தக் கிரெடிட் எங்கே செல்லும் என்ற கேள்வி. கட்டுரையில் இது ஒரு வரிகூட இல்லை. எங்கள் மாநில அரசுக் கல்லூரிகளில் ஏபி தேர்வில் 3 இருந்தாலே கிரெடிட் கொடுக்க வேண்டும் என்று 2017ல் சட்டம் வந்தது. ரன்னிங் ஸ்டார்ட்டில் இரண்டு வருஷமும் முழுதாகப் படித்தால் பள்ளிச் சான்றிதழோடு அசோசியேட் என்ற இரண்டாண்டுப் பட்டமும் வாங்கலாம், வாஷிங்டன் பல்கலைக்கழகம் இரண்டாண்டுக் கல்லூரிகளிலிருந்து 90 கிரெடிட் வரை ஏற்றுக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாநிலத்தை விட்டு வெளியே போனால், அதிலும் தனியார் பல்கலைக்கழகங்களுக்குப் போனால், கதையே வேறு. டார்ட்மத் 2014ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து ஏபிக்குக் கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது, அடுத்த நிலை வகுப்பில் உட்கார மட்டும் அது உதவும். கால்டெக் ஏபிக்குக் கிரெடிட் தருவதில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் நாற்பதுக்கு மேல் கிரெடிட்டோடு வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்தான், அவர்கள் எடுத்துக்கொண்டது இரண்டே பாடம். அவனுடைய பெற்றோர் மூன்றே வருஷத்துக்குத்தான் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள்.

90 கிரெடிட் இருந்தாலும்கூட, கம்ப்யூட்டர் சயின்ஸ், பொறியியல் மாதிரிப் படிப்புகளில் ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று பாடங்கள் வரிசையாக நிற்கும். பொதுப் பாடங்களை முடித்து வந்த பிள்ளையும் அந்த வரிசையில்தான் போக வேண்டும், நாலு வருஷம் ஆகிவிடுவது சாதாரணம். அதனால் எத்தனை கிரெடிட் என்று கேட்பதற்கு முன்னால், போக நினைக்கும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் எந்தப் பாடம், எந்த மதிப்பெண்ணுக்கு என்ன தருவார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். பொதுவில்தான் இருக்கும். பள்ளிக் கவுன்சிலர் நல்லவர்தான், ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறார், அவர் ஒவ்வொரு பல்கலைக்கழகமாகத் தேடிச் சொல்வார் என்று காத்திருக்க முடியாது.

கடைசியாகத் தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி, இதை நீங்கள் தனியாகவே எழுதலாம். ஏபியில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, சீனம், ஜப்பானியம், லத்தீன்கூட இருக்கிறது, தமிழ் இல்லை. ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டு மொழியில் தேர்வு எழுதி, திறமைக்கு ஏற்ப நான்கு வரை பள்ளிக் கிரெடிட் வாங்கலாம், தமிழுக்கும் அந்தத் தேர்வு உண்டு, எழுதவும் பேசவும் வேண்டும். இது கல்லூரிக் கிரெடிட் இல்லைதான். ஆனால் மொழிப் பாடத்துக்குப் போகும் இடம் கால அட்டவணையில் காலியாகிறது, அங்கே இன்னொரு கல்லூரிப் பாடத்தைப் பிள்ளை நிதானமாகப் படிக்கலாம். என் மகள் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு எட்டு வருஷம் அழுதுகொண்டே போனவள், பேச்சுத் தேர்வில் பாட்டி வீட்டுப் பொங்கலைப் பற்றிப் பேசினதாகச் சொன்னாள். இப்போது என் மகன் ஒன்பதாவது படிக்கிறான், அவனுக்கு முதலில் இந்தத் தேர்வு. கல்லூரிப் பாடம் பதினொன்றாவதில், முதல் குவார்ட்டரில் ஒன்றே ஒன்று, அதையும் அவனே தேர்ந்தெடுக்கட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம்