சிங்கப்பூருக்குப் புறப்பட்டு ரங்கூனில் இறங்கியவை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். வீட்டிலும் எல்லாரும் நலம். மகளின் வளைகாப்பு நல்லபடியாக நடந்ததாக உன் தம்பி சொன்னான், மிகவும் சந்தோஷம். நீ எழுதுவாய் என்று நானும் நான் எழுதுவேன் என்று நீயும் இருந்ததில் தீபாவளியும் போய்விட்டது, பொங்கலும் போய்விட்டது. போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் உன்னிடம் எதையும் முழுதாகச் சொல்ல முடியாது. நடுவில் கண்மாய்த் தண்ணீர், பங்காளி வழக்கு என்று எங்கேயாவது இழுத்துக்கொண்டு போய்விடுவாய். இந்த விஷயத்தை முதலிலிருந்து கடைசி வரை நீ கேட்டே ஆகவேண்டும்.

பர்மாவிலிருந்து நடந்து வந்த உன் பர்மா ஐயா சொல்வாரே டாங்கிக் கதை, அதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

திண்ணையில் உட்கார்ந்து எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஆற்றங்கரையில் டாங்கிகள் வரிசையாக நின்றன, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அடியில் குனிந்து எண்ணெயைத் தரையில் திறந்துவிட்டார்கள், அப்புறம் எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டுத் தள்ளி நின்றார்கள், அது கத்திக் கத்தித் தானாக நின்றது, ஒரு சிப்பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டான் என்று. உன் சித்தப்பா ஒவ்வொரு தடவையும், "எவனாவது சொந்த டாங்கியைத் தானே கெடுப்பானா?" என்று கேட்டு அவர் வாயை அடைப்பார். கண்ணாடி வாத்தியாரும் கூடச் சேர்ந்துகொள்வார். ஐயா ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை எடுத்துக்கொள்வார்.

அவர் சொன்ன இடம் ஷ்வேஜின். பர்மாவின் சிண்ட்வின் நதியின் கிழக்குக் கரை. மூன்று பக்கமும் மேடு, நடுவில் பள்ளம், ஆற்றுப்பக்கம் மட்டும் திறப்பு. நாள் 1942 மே 9, 10. அங்கே தங்கள் டாங்கிகளைத் தாங்களே அழித்தவர்கள் பிரிட்டிஷ் 7ஆவது கவசப் பிரிகேட் என்ற டாங்கிப் படைக்காரர்கள். அழித்த விதமும் ஐயா சொன்னதேதான்: எண்ணெயை வடித்துவிட்டு எஞ்சின் இறுகி நிற்கும்வரை ஓடவிடுவது. அவர்களிடம் இருந்த ஸ்டூவர்ட் என்ற டாங்கிக்குள் இருந்தது விமானத்துக்குச் செய்த காண்டினென்டல் எஞ்சின், 250 குதிரைத்திறன். எண்ணெய் இல்லாமல் ஓடவிட்டால் அது எப்படிக் கத்தியிருக்கும் என்று யோசித்துப் பார். ஐயாவின் காதில் அது கடைசிவரை இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

அந்த டாங்கிகள் அங்கே எப்படி வந்தன என்பதுதான் இத்தனை நாளாக என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. அவை பர்மாவுக்கென்று புறப்பட்டவையே அல்ல.

1941 நவம்பரில் லிபியப் பாலைவனத்தில் சிதி ரெஸெக் என்ற இடத்தில் இந்தப் பிரிகேட் கடுமையாக அடிபட்டது. எகிப்துக்குப் பின்வாங்கி, அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்டூவர்ட் இலகு டாங்கிகளை எடுத்துக்கொண்டு மறுபடி தயாரானது. ஏறக்குறைய 13 டன் எடை, நான்கு பேர், 37 மில்லிமீட்டர் பீரங்கி. தார் ரோட்டில் மணிக்கு 55 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். வழியில் நின்றுவிடாது என்பதால் சிப்பாய்கள் அதை 'ஹனி' என்றார்கள். அதற்குள் ஜப்பான் மலேயாவில் இறங்கி வேகமாகத் தெற்கே வந்துகொண்டிருந்தது. மலேயாவில் பிரிட்டிஷ் தரப்பில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு டாங்கிப் படைகூட இல்லை. அதனால் 7ஆவது ஹுஸார், 2ஆவது ராயல் டாங்க் என்ற இரண்டு ரெஜிமெண்டுகளையும் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டூவர்ட்களோடு கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். போக வேண்டிய இடம் சிங்கப்பூர். கப்பல் கடலில் இருக்கும்போதே சிங்கப்பூர் தாங்காது என்று தெரிந்துவிட்டது. ஜாவாவுக்கு அனுப்பலாமா என்று ஒரு யோசனை. கடைசியில் ரங்கூன் என்று முடிவாயிற்று. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. 21 அன்று இவர்கள் ரங்கூன் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

இறக்க ஆள் இல்லை, மாப்பிள்ளை. டிசம்பர் 23ஆம் தேதியும் 25ஆம் தேதியும் விழுந்த குண்டுகளில் ரங்கூன் காலியாகத் தொடங்கியிருந்தது. மூட்டை தூக்கியவர்கள், படகு விட்டவர்கள், கிரேன் ஓட்டியவர்கள் எல்லாரும் பெரும்பாலும் நம் ஆட்கள், தெலுங்கர்கள், ஒரியாக்காரர்கள். அவர்கள் போனதும் துறைமுகமே நின்றுவிட்டது. டாங்கிக்காரர்களே கப்பலிலிருந்து தங்கள் டாங்கிகளை இறக்கிக்கொண்டார்கள். முகல் தெருக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்த உன் ஐயா பெட்டியைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் டாங்கிகள் உள்ளே வருகின்றன, இன்னொரு பக்கம் நம் ஜனம் வெளியே போகிறது.

இரண்டு நாள் கழித்து, 23ஆம் தேதி விடியற்காலையில், சித்தாங் பாலத்தைத் தகர்த்துவிட்டார்கள். 17ஆவது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி அப்போது அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தது. நீந்தியும் மூங்கிலைப் பிடித்துக்கொண்டும் வந்தவர்கள் பலர் துப்பாக்கி இல்லாமல், செருப்புகூட இல்லாமல் வந்தார்கள். ரங்கூனுக்கும் ஜப்பானியருக்கும் நடுவில் அப்போது நின்ற உருப்படியான படை, சிங்கப்பூருக்குப் போகவேண்டிய இந்த டாங்கிகள்தான். கப்பல் இரண்டு மூன்று வாரம் முன்னால் புறப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார். சிங்கப்பூரில் கடைசி நேரத்தில் இறக்கிய பிரிட்டிஷ் 18ஆவது டிவிஷன் அப்படியே சிறைக்குப் போனதே, அந்த வரிசையில் இவர்களும் சேர்ந்திருப்பார்கள்.

அப்படிச் சேர்ந்த இன்னொரு கூட்டமும் உண்டு. 3ஆவது ஹுஸாரின் 'பி' ஸ்குவாட்ரன், பழைய விக்கர்ஸ் இலகு டாங்கிகளோடு அதே பக்கம் அனுப்பப்பட்டது. பிப்ரவரி 14 அன்று சுமத்ராவின் ஊஸ்ட்ஹாவனில் இறக்கினார்கள், உடனே மறுபடி ஏற்றி ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். மார்ச்சில் ஜாவா வீழ்ந்தது, எல்லாரும் போர்க்கைதிகள். ஜாவாவுக்காக டச்சுக்காரர்கள் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்து மார்மன்-ஹெரிங்டன் கம்பெனியிடம் வாங்கச் சொல்லியிருந்த சின்ன டாங்கிகளின் கதை அப்படியே தலைகீழ். கொஞ்சம்தான் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தில் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவுக்கும் இன்னொரு பகுதி அமெரிக்க ராணுவத்துக்கும் திருப்பிவிடப்பட்டு, சில அலாஸ்காவின் குளிரில் காவலுக்கு நின்றன. வெப்ப நாட்டுக்குச் செய்ததைப் பனியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்! அந்த வாரங்களில் எந்தக் கப்பல் எங்கே போகும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. ஆஸ்திரேலியாவின் 7ஆவது டிவிஷனையும் ரங்கூனுக்குத் திருப்பிவிடச் சர்ச்சில் பார்த்தார். சம்மதம் கேட்பதற்கு முன்பே கப்பல்களை வடக்கே திரும்பவும் சொல்லிவிட்டார். ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின் முடியவே முடியாது என்று நின்றார். அவர் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. ரங்கூன் மார்ச் 8 அன்று போய்விட்டது. அந்த டிவிஷன் பாதி இறங்கியிருக்கும்போதே மாட்டியிருக்கும்.

ரங்கூனைவிட்டு வெளியேறும்போதே டாங்கிகளுக்குச் சோதனை வந்துவிட்டது. மார்ச் 7 அன்று நகருக்கு வடக்கே தௌக்யானில் ஜப்பானியர் ரோட்டை மறித்துவிட்டார்கள். பர்மாப் படைத் தலைவர் ஜெனரல் அலெக்சாண்டர் உட்பட மொத்தப் படையும் பின்னால் தேங்கி நின்றது. டாங்கிகள் மோதிப் பார்த்தன, கூர்க்காக்கள் மோதிப் பார்த்தார்கள், திறக்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் மறிப்பையே காணோம். ரங்கூனுக்குள் மேற்கிலிருந்து நுழையப் போன ஜப்பானிய டிவிஷன் ரோட்டைக் கடக்கும்வரை காவலுக்கு வைத்த மறிப்பு அது. கடந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு படைக்கே அன்று உயிர் கொடுத்தது எதிரி கட்டளையைத் துளியும் மாறாமல் நிறைவேற்றியதுதான். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

அப்புறம் வடக்கே பின்வாங்கல். புரோம் பக்கத்தில் ஷ்வேடௌங், ஏப்ரலில் யெனாங்யாங் எண்ணெய்க் கிணறுகள், மாத இறுதியில் கியாக்சே, ஆவா பாலம், மொன்யுவா. யெனாங்யாங்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் கையில் கிடைக்கக்கூடாது என்று கிணறுகளையெல்லாம் பிரிட்டிஷாரே கொளுத்தினார்கள். சித்திரை வெயில், எரிகிற எண்ணெய், குடிக்கத் தண்ணீர் இல்லை. 1ஆவது பர்மா டிவிஷன் உள்ளே சிக்கிக்கொண்டது. சுன் லிஜென்னின் சீனப் படை ஒரு பக்கத்திலிருந்து தள்ள, டாங்கிகளும் துணைக்கு வர, மிஞ்சியவர்கள் வெளியே வந்தார்கள். எங்கே ஆபத்தோ அங்கே இந்த ஸ்டூவர்ட்கள். கால்நடையாக வந்தவர்கள் மேலே தொற்றிக்கொண்டும் வந்தார்கள்.

இப்படிப் பர்மாவின் அடி முதல் முடி வரை வந்து சேர்ந்த டாங்கிகளை ஷ்வேஜினில் ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோக வழியில்லை. பாலம் கிடையாது. சில நீராவிப் படகுகள்தான், அவையும் ஆற்றில் மேலே போய்க் கலேவாவில் ஆட்களை இறக்க வேண்டும். மேட்டில் ஜப்பானியர் ஏறிவிட்டார்கள். மழைக்காலம் தலைக்கு மேல். இத்தனை தூரம் தங்களைச் சுமந்து வந்ததை அங்கேயே முடித்துவிட்டு அவர்கள் நடந்தார்கள். அந்தச் சிப்பாய் அழுதான் என்று ஐயா சொன்னதை நான் முழுதாக நம்புகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கடந்தது, மாப்பிள்ளை! 7ஆவது ஹுஸாரின் ஒரு ஸ்டூவர்ட். பெயர் 'கர்ஸ் ஆஃப் ஸ்காட்லாந்து'. சீட்டில் டைமன் ஒன்பதுக்கு ஆங்கிலேயர் சொல்லும் பட்டப்பெயர் அது, உனக்குத்தான் பிடிக்கும். மிதவையில் ஏற்றி எப்படியோ அக்கரை சேர்த்து இந்தியாவுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அதன் மேல்கோபுரத்தைக் கழற்றிவிட்டுத் தளபதி உட்காரும் வண்டியாக மாற்றி இந்திய ராணுவத்தின் 7ஆவது லைட் கேவல்ரிக்குக் கொடுத்தார்கள். அந்த ரெஜிமெண்ட் இம்பாலில் நின்று சண்டை போட்டு, 1945இல் பர்மாவுக்குள் திரும்பிப் போனபோது அந்த வண்டியும் கூடவே போயிற்று. ஓடிவந்த வழியே திரும்பிப் போன டாங்கி!

அந்த 7ஆவது லைட் கேவல்ரி யார் தெரியுமா? 1784இல் உருவான பழைய மதராஸ் குதிரைப்படை. அவர்களே 1948 நவம்பர் 1 அன்று காஷ்மீரில் ஜோஜிலா கணவாயில், 11,000 அடிக்கு மேலே, ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்றிக் காட்டினார்கள். யாருக்கும் தெரியாமல் இருக்க மேல்கோபுரங்களைக் கழற்றித் தனியாகக் கொண்டுபோனார்கள். பால்தாலிலிருந்து மேலே போக மலையில் பாதை வெட்டிக் கொடுத்தது நம் மதராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை. ஜெனரல் திம்மையா தானே முன்வரிசை டாங்கியில் போனார். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நமக்குச் சொல்லித்தரவில்லையே என்று எனக்கு மிகுந்த வருத்தம்.

அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அந்த ஒரு டாங்கி எந்த வருஷம் எங்கே இருந்தது என்று பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அதே வழியில், அதே கலேவா, தமு, பலேல் என்று நடந்து வந்த நம் ஜனத்துக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவைவிட்டு வந்தார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பசியிலும் ஆயிரம் ஆயிரமாக வழியிலேயே போனார்கள். வெள்ளையருக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழி என்று அப்போதே இங்கே பெரிய குமுறல் இருந்தது. ஐயாவோடு புறப்பட்ட அந்தச் சமையல்கார அண்ணன் எங்கே விழுந்தார் என்று யார் எழுதி வைத்தார்கள்?

அதனால்தான் உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன், தட்டிக்கழிக்காதே. ஐயாவின் கதையை முழுதாகக் கேட்டவர்களில் இப்போது இருப்பது தேவகோட்டை அத்தை ஒருவர்தான். போனமுறை பார்த்தபோது பேச்சு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காலையில் சொன்னது மாலையில் மறக்கிறது. இந்த மாதத்துக்குள் போய் உட்கார்ந்து கேள். சிண்ட்வினைத் தாண்டியது எந்தக் கரையிலிருந்து, படகிலா தோணியிலா, கூட வந்தவர்கள் யார் யார், எந்த ஊர்க்காரர்கள், எங்கே யார் நின்றுவிட்டார்கள். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள், போனிலும் பதிவு செய். பரணில் இருக்கும் அந்தத் தகரப்பெட்டியை உன் தம்பி பழைய இரும்புக்குப் போடுவதற்குள் இறக்கித் திறந்து பார். கப்பல் டிக்கெட், கடைக் கடிதம், இம்பால் முகாமில் கொடுத்த சீட்டு, எதுவானாலும் போட்டோ எடுத்து அனுப்பு. உன் சித்தப்பாவுக்கு இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு, டாங்கியை அழித்த இடம் வரும்போது கொஞ்சம் சத்தமாக வாசி.

மாசி மகத்துக்கு நான் வருகிறேன், இரண்டு நாள் உங்கள் வீட்டில்தான். தங்கச்சியிடம் சொல்லி வை, அந்தக் கவுனி அரிசி இல்லாமல் திரும்பமாட்டேன். பிள்ளைகளுக்கு என் ஆசி.

உன்,
மச்சான்