பன்னிரண்டு அடி வாங்கியும் விழாதவருக்கு

அன்புள்ள லூ பர்டெட் அவர்களுக்கு,

நீங்கள் 2007-இல் மறைந்துவிட்டீர்கள். இந்தக் கடிதம் போய்ச் சேராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். 1959 மே 26 இரவு நடந்த பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும், உங்களுக்கு எதிராகப் பந்து வீசிய ஹார்வி ஹாடிக்ஸுக்கே மாலை போடுகிறார்கள். ஜெயித்தவருக்கு ஒரு கடிதமாவது இருக்கட்டுமே.

மில்வாக்கி கவுண்டி ஸ்டேடியம். உங்கள் பிரேவ்ஸ் அணிக்கு எதிரே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். ஒரு பருவத்தின் 154 ஆட்டங்களில் ஒன்று, அவ்வளவுதான். காய்ச்சலும் சளியுமாக வந்த பைரேட்ஸின் குள்ளமான இடக்கை வீச்சாளர் ஹாடிக்ஸ், ஆரன், மாத்யூஸ், ஆட்காக் என்று மலை மலையாக நின்ற உங்கள் ஆட்களில் 36 பேரை வரிசையாக அவுட்டாக்கினார். இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்று 12 இன்னிங்ஸ் வரை ஒருவர்கூட முதல் பேஸில் (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு முனைகளில் முதலாவது) கால் வைக்கவில்லை. வழக்கமான ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸுக்கு இப்படி வீசினாலே ஆயுளுக்கும் பேசுவார்கள்.

உங்கள் கணக்கு வேறு. 13 இன்னிங்ஸ், 12 ஹிட் (மட்டையாளர் அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸ் சேர்வது), ரன் பூஜ்யம். நான்கு பந்துகளை வெளியே போட்டு யாரையும் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பவும் இல்லை. மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் மூன்று சிங்கிள் (முதல் பேஸ் வரை சேர்க்கும் ஹிட்) கொடுத்தீர்கள். நடுவே பைரேட்ஸின் மெஹியாஸ் பேராசைப்பட்டு மூன்றாவது பேஸுக்கு ஓடி அவுட்டானார், ரன் வரவில்லை. அதிர்ஷ்டம் என்பார்கள். ஒரு இன்னிங்ஸ் என்றால் ஒப்புக்கொள்வேன். பதின்மூன்று இன்னிங்ஸுக்கு அதிர்ஷ்டம் கூடவே வராது. பேஸில் ஆளை வைத்துக்கொண்டு நிதானமாக வீசுவதும் ஒரு வித்தைதான். சொல்லப்போனால், ஒருவரும் பேஸுக்கு வராத ஹாடிக்ஸுக்கு அன்று அந்தத் தலைவலியே இல்லை.

பதின்மூன்றாவதில் உங்கள் மன்டியா தரையோடு அடித்த பந்தை எடுத்த பைரேட்ஸின் டான் ஹோக், முதல் பேஸுக்குத் தப்பாக எறிந்தார். மாத்யூஸ் பந்தை மெல்லத் தட்டித் தன்னைப் பலிகொடுத்து, மன்டியாவை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தினார். ஆரனை வேண்டுமென்றே முதல் பேஸுக்கு அனுப்பினார்கள். அடுத்து வந்த ஆட்காக் வேலிக்கு அப்பால் அடித்தார். அதிலும் ஒரு கூத்து: ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஆரன் பாதி வழியில் திரும்பிவிட, பின்னால் ஓடிவந்த ஆட்காக் அவரைத் தாண்டிவிட்டார். ஹோம் ரன், இரண்டு பேஸ் ஹிட்டாகச் சுருங்கியது. கடைசிக் கணக்கு 1-0.

அன்றிரவு ஹாடிக்ஸைத் தொலைபேசியில் அழைத்து, "என்னைப்போல் ஹிட்களைப் பரவலாகக் கொடுத்திருக்க வேண்டும்" என்று கிண்டல் செய்தீர்களாம். அடுத்த சம்பளப் பேச்சின்போது, உலகின் மிகச் சிறந்த ஆட்டம்கூட என்னைத் தோற்கடிக்கவில்லை, ஆகவே நானே மிகச் சிறந்தவன் என்றும் வாதாடினீர்களாம். இந்த வாய்க்காகவே உங்களைப் பிடிக்கிறது. எச்சில் தடவிய பந்து வீசுகிறீர்கள் என்ற பேச்சு கடைசிவரை உங்களைத் துரத்தியது. அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

1991-இல் விதியைத் திருத்தி, ஹிட்டே கொடுக்காத ஆட்டங்களின் பட்டியலிலிருந்து ஹாடிக்ஸின் ஆட்டத்தை எடுத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு ஹிட் விழுந்துவிட்டதே என்பது காரணம். கணக்குப்பிள்ளைகளின் வேலை. ஹாடிக்ஸ் மட்டும், நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அன்று பைரேட்ஸ் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) பர்ஜெஸ், எந்தப் பந்து வீச வேண்டும் என்று ஹாடிக்ஸுக்குக் காட்டிய சைகைகளை உங்கள் ஆட்கள் தூரத்திலிருந்து படித்து, துண்டை அசைத்து மட்டையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று உங்கள் அணியின் பாப் ப்யூலே பின்னாளில் போட்டு உடைத்தார். ஆரன் ஒருவர்தான் அந்த உதவி வேண்டாம் என்றவராம். அடுத்து வரும் பந்து இன்னது என்று தெரிந்துமா அத்தனை பேரும் வரிசையாக அவுட்டானார்கள்?

அந்த இரவு தொலைபேசியை எடுத்தபோது, இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால், ஹாடிக்ஸிடம் சொன்னீர்களா?

அன்புடன்,
பழைய ஸ்கோர் அட்டைகளைப் படிக்கும் ஒருவன்