பன்றி ஆய்வு நம் உணவையும் சோதிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உடல் பருமன், இதயநோய் ஆய்வுகளுக்குப் பன்றியைப் பயன்படுத்துவது எங்கள் கடற்கரை ஊர்களில் பலருக்கு ஒவ்வாத செய்தி. சமயம் சார்ந்த தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த ஆய்வு நமக்குத் தேவை என்றே கருதுகிறேன்.

சோதனைக்கூட எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் 'நல்ல கொலஸ்ட்ரால்' எனப்படும் எச்.டி.எல். வடிவிலேயே ஓடுவதால், மரபணுவை மாற்றினாலொழிய அதற்கு மனிதருக்கு வருவது போன்ற தமனி அடைப்பு எளிதில் வராது. பன்றியின் இதயமோ அளவிலும் தமனி அமைப்பிலும் நம்முடையதை ஒத்தது. அடைபட்ட தமனியை விரித்துவைக்கும் சிறு வலைக்குழல்களான ஸ்டென்ட்களை அதன் தமனியில் பொருத்திச் சோதிப்பதும் அதனால்தான். அமெரிக்காவின் ஜார்ஜியா கடலோரத்து ஒசபா தீவில், உணவு கிடைக்கும் காலத்தில் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துவைத்துப் பஞ்ச காலத்தைக் கடந்து பழகிய பன்றியினம் ஒன்று உண்டு. அதற்குக் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீவனத்தை அளவின்றிக் கொடுத்தால், வயிற்றுக் கொழுப்பு, இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்காத இன்சுலின் எதிர்ப்பு, உயர் ரத்த அழுத்தம், தமனி அடைப்பு என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேர்கின்றன.

கொழுப்புச் செல்கள் மிதமிஞ்சிப் பருக்கும்போது, நோயெதிர்ப்புச் செல்கள் அங்கே குவிந்து, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. குடலையும் இதயத்தையும் சுற்றிப் படியும் கொழுப்பில் இது மாதக்கணக்கில் எப்படி முற்றுகிறது என்றறிய, உயிரோடிருக்கும் மனிதரிடம் திரும்பத் திரும்பத் திசு எடுக்க இயலாது; பன்றியிடம் இயலும். ஆனால், உடற்சூட்டை உண்டாக்க உதவும் யு.சி.பி.1 மரபணு பன்றியில் செயலிழந்துவிட்டதால், அதனிடம் கண்ட எல்லாவற்றையும் அப்படியே நமக்குப் பொருத்திவிடவும் கூடாது.

பாம்பன், மண்டபம் பகுதிகளில் கைகால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய நடுவயது ஆண்களைத் தினமும் பார்க்கிறோம். எடையில் குறை சொல்ல ஒன்றுமிராது. இடுப்பில் இன்ச் டேப்பை வைத்தால், இந்திய ஆண்களுக்கு எல்லையாகக் கொள்ளப்படும் 90 செ.மீ.யைத் தாண்டும். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு கூறியது. இவர்கள் உண்பது அமெரிக்க ஆய்வகத் தீவனம் அன்று. பட்டை தீட்டிய அரிசிச் சோறு, ரேஷன் பாமாயிலில் பொரித்த மீன், இரவில் பரோட்டா, இடையிடையே சீனி தூக்கலான டீ.

ஆகவே, செங்கல்பட்டு மாவட்டக் காட்டுப்பாக்கத்தில் பன்றி வளர்ப்பு ஆராய்ச்சி நடத்திவரும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அரசு மருத்துவக் கல்லூரிகளும் இணைந்து, இந்த உணவையே தீவனமாக்கி ஓர் ஆய்வைத் தொடங்க வேண்டும். முறையான அனுமதி பெறுவதும், விலங்குக்கு வலி தெரியாமல் பார்ப்பதும், தேவைக்கு மேல் ஒன்றைக்கூடப் பயன்படுத்தாததும் அதன் நிபந்தனைகளாக இருக்கட்டும். முடிவுகளை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுத் தொழிலாளர்கள் ஊரில் இருக்கும்போது, கடலோரக் கிராமங்களுக்கே வந்து தமிழில் விளக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.